புகையாருக்குள்ளே ஓர் அழற்சி

மச்சானின் பீரோவை இனி இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை என்று புகையார் சபதம் எடுத்தார். வீர சபதம்தான். குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து முணுமுணுப்பாக எடுத்த வீர சபதம்.

"ஏங்க, உள்ள யார்கிட்ட பேசறீங்க?" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"பல்லு விளக்கறேன்!"

வீரம் அத்தோடு முடிந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தங்கமான பையன். குடி இல்லை, சூது இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், வீடு மாற்றுவான். ஒரு வீட்டில் குழாய் சொட்டும். அடுத்த வீட்டில் எதிர்வீட்டுக்காரர் இருமுவார். அதற்கடுத்த வீட்டில் வெயில் தப்பான ஜன்னல் வழியாக வரும். உடனே சாமான் கட்ட ஆரம்பித்துவிடுவான். கட்டுவதோடு அவன் வேலை முடிந்தது. அவனுக்கு முதுகுவலி. தூக்குவதற்குத்தான் அக்கா வீட்டுக்காரர் என்று ஒருவரை ஆண்டவன் படைத்திருக்கிறானே.

பீரோவாவது பரவாயில்லை. உடம்பை முறுக்கேற்றுவதற்கென்று மச்சான் ஒரு காலத்தில் இரும்பு வட்டுகள் வாங்கிப் போட்டிருந்தான். வாங்கிய நாள் முதல் இன்றுவரை அந்த வட்டுகளைத் தூக்கிய ஒரே மனிதர் புகையார்தான். அதுவும் மாடிப்படியில்.

கூலிக்கு ஆள் வைத்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"வெளியாளுங்க அலட்சியமா தூக்குவாங்க. நீங்கன்னா பயந்து பயந்து தூக்குவீங்க" என்றாள் மனைவி. பாராட்டா, இல்லையா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது.

புகையார் என்பது அவருக்கு ஆபீசில் வைத்த பேர். சிகரெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பெரிய கட்டடங்களில் கூரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, புகை வந்தால் அலறும் கருவி, அது ஒழுங்காக அலறுகிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். நீளக் கழி, கழியின் நுனியில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு டப்பா. கருவிக்கு நேரே பிடித்து அமுக்கினால் சோதனைப் புகை வரும். கருவி அலறும். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டடங்களை அலறவைக்கிற மனிதர், வீட்டில் டீக்குச் சர்க்கரை போதவில்லை என்பதைக்கூட மனசுக்குள்தான் சொல்லிக்கொள்வார்.

மனைவிக்கு டாக்சி கம்பெனியில் வேலை. எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அனுப்பிக்கொண்டிருப்பாள். குரலை உயர்த்தவே மாட்டாள். "இந்தப் பக்கம் போங்க" என்று எந்த டிரைவருக்கும் உத்தரவு போட்டதில்லை. "அந்தப் பக்கம் கொஞ்சம் நெரிசலாம். பார்த்துக்கோங்க, உங்க இஷ்டம்" என்பாள். டிரைவர் தானே மூளையைக் கசக்கி முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டு அவள் நினைத்த தெருவில் திரும்புவார். இந்த வித்தையை அவள் டிரைவர்களிடம் மட்டும்தான் காட்டுகிறாள் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தவர் நம் புகையார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சான் மறுபடியும் வீடு மாற்றுகிறான். இந்தத் தடவை மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. புகையாருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோபாவில் மல்லாந்து, காலைத் தூக்கிக் கைப்பிடிமேல் போட்டுக்கொண்டு, மேலே கருவி எதுவும் ஒட்டியிராத வெறும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். அதற்கு ஒரு நோய் தேவைப்பட்டது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். இடுப்புப் பிடிப்பு ஏற்கெனவே சொல்லித் தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறைக்கு வேலைக்குப் போனார். ஏணிமேல் நின்று கூரையைத் துழாவிக்கொண்டிருக்கையில், கீழே ஒரு டாக்டரம்மா வந்திருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கணுக்கால் சுளுக்கினா சிவந்து, சூடாகி, வீங்குதில்ல? அது நல்ல அழற்சி. உடம்போட காவல்காரங்க ஓடி வந்து, வேலையை முடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. இன்னொரு வகை இருக்கு. அதுல வந்தவங்க கிளம்பவே மாட்டாங்க. வருஷக்கணக்கா உள்ளயே உட்கார்ந்துகிட்டு நல்லா இருக்கிற இடத்தையும் கெடுத்துகிட்டிருப்பாங்க."

வந்தவர்கள் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வியாதி என்று கல்யாணமான ஆணுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. புகையார் ஏணியிலேயே தலையாட்டினார்.

"வெளியே வீக்கம் இருக்காது. வலி இருக்காது. சிலருக்கு அசதி இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. ஆனா உள்ள ரத்தக் குழாய், இதயம் எல்லாத்தையும் மெதுவா அரிக்கும். சரியான தூக்கமில்லாதது, மன உளைச்சல், தொப்பை, சிகரெட், கவனிக்காம விட்ட ஈறு, இப்படிப் பல காரணம்."

புகையாருக்குப் புல்லரித்துவிட்டது. வீக்கம் இல்லை! வலி இல்லை! அடையாளமே இல்லாத வியாதி! இத்தனை நாள் இப்படி ஒரு வியாதி இருப்பது தெரியாமல் எத்தனை பீரோ தூக்கியிருக்கிறோம் என்று அவருக்கு வயிறு எரிந்தது. டாக்டரம்மா, "இதுக்கு என்ன பண்ணணும்னா..." என்று அடுத்ததை ஆரம்பித்தார். ஆனால் அந்த அறையில் சோதிக்கவேண்டிய கூரை முடிந்துவிட்டது. புகையார் ஏணியை மடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பாதி ஞானம் போதாதா?

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டார்.

"எனக்கு உள்ளழற்சி இருக்கு."

"எங்க?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"உடம்பு பூரா."

"வலிக்குதா?"

"வலிக்காது. அதான் அதோட ஆபத்தே."

"வீங்கியிருக்கா?"

"வெளியே தெரியாது."

"அப்ப இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"ஒண்ணுமே தெரியலை பாத்தியா? அப்படித்தான் இருக்கும்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. புகையாருக்கு ஒரு நிமிஷம் உள்ளபடியே குற்ற உணர்ச்சியாகிவிட்டது. ஒரு நிமிஷம்தான்.

"இத்தனை நாள் ஏங்க சொல்லலை?"

"உனக்கு எதுக்கு வீண் கவலைன்னு..."

"அப்ப நீங்க கனமா எதுவும் தூக்கக் கூடாது."

"தூக்கக் கூடாதுதான்" என்று பெருமூச்சு விட்டார். "ஆனா ஞாயித்துக்கிழமை தம்பி தனியா கஷ்டப்படுவானேன்னுதான்..."

"அவன் கிடக்கான். உங்க உடம்பைவிடவா அவன் பீரோ பெரிசு?"

அப்போதே தம்பிக்குப் போன் போட்டு, அத்தானுக்கு உடம்பு சரியில்லை, வேறே ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். வேலை முடிந்தது. இத்தனை வருஷமாக நாம்தான் இவளைப் பெரிய ஆளாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம் என்று புகையார் அன்று கால் நீட்டித் தூங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நல்ல சேதி சொன்னாள்.

"நம்ம டாக்சியில தினமும் ஒரு லேப் நர்ஸம்மா போவாங்க. அவங்ககிட்ட கேட்டேன். உங்க வியாதிக்கு டெஸ்ட் இருக்காம்!"

புகையார் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார்.

"டெஸ்ட்டா?"

"சி.ஆர்.பி.ன்னு பேராம். உள்ள எங்கயாவது கனன்றுகிட்டிருந்தா கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்துல விடுமாம். அது எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்ப்பாங்களாம். எந்த இடத்துலன்னு சொல்லாது. இருக்கா இல்லையான்னு சொல்லிடுமாம்."

அடப்பாவி! உடம்புக்குள்ளேயும் ஒரு அலாரத்தை மாட்டிவைத்திருக்கிறார்களா? தன் தொழிலே தனக்கு எதிரியாக வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அதெல்லாம் எதுக்கும்மா, வீண் செலவு..."

"உங்களுக்கு மேல செலவா? திங்கட்கிழமை காலையில வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கறேன்னாங்க. வரச் சொல்லிட்டேன்." செருப்பைக் கழற்றியபடியே, ஏதோ நினைவு வந்தவள்போல் திரும்பினாள். "ஆங், ஒண்ணு சொன்னாங்க. முந்தின நாள் கனமா எதையும் தூக்கக் கூடாதாம். பழக்கமில்லாத உடம்பு திடீர்னு பாடுபட்டா எண்ணு எகிறிடுமாம். நல்லவேளை, ஞாயித்துக்கிழமை நீங்க சோபாவிலதான் இருக்கப் போறீங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

புகையார் உட்கார்ந்து யோசித்தார். சோபாவில் படுத்திருந்தால் எண் ஏறாது. ஏறாவிட்டால் வியாதி இல்லை. வியாதி இல்லை என்று காகிதத்தில் அச்சடித்து வந்துவிட்டால் மானம் போகும். மனைவி மட்டுமா? மச்சான் சிரிப்பான், மனைவியின் அக்கா சிரிப்பாள். நாளைக்கு நிஜமாகவே காய்ச்சலில் புலம்பினாலும் "அந்தக் காகிதத்தை எடு" என்பார்கள்.

எண் எகிறியாகவேண்டும்.

தொழில் புத்தி கைகொடுத்தது. கருவி அலறவேண்டுமா? புகை விடு! இதைத்தானே தினமும் செய்கிறோம்? தூக்கினால் ஏறுமாம். தூக்கிவிட்டால் போகிறது. அப்படி விட்ட புகைக்கு அலறினால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தமே தவிர கட்டடம் எரிகிறது என்று அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது தெரியும்.

முதலில் வீட்டுக்குள்ளேயே முயன்றார். அவள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன நேரத்தில் சோபாவை ஒரு பக்கம் தூக்கினார். கதவு திறந்தது.

"என்னங்க தேடறீங்க?"

"சில்லறை விழுந்துடுச்சு."

"நகருங்க, நான் எடுக்கறேன். உங்களுக்கு உடம்பு இருக்கிற நிலைமையில..."

அவரை நகர்த்தி உட்காரவைத்து, முழங்காலிட்டு, சோபாவுக்கு அடியில் பொறுமையாகத் தேடினாள். விழாத சில்லறை கிடைக்கவில்லை. அடுத்து தண்ணீர் வாளியைத் தூக்கினார். பிடுங்கிக்கொண்டாள். காய்கறிப் பையைக்கூடத் தொடவிடவில்லை. ஆபீசில் கழியையும் ஏணியையும் சுமந்து பழகிய உடம்பு. அதற்கெல்லாம் ஏறுகிற எண்ணாகவும் தெரியவில்லை. திடீர்ப் பாடு வேண்டுமே! திடீர்ப் பாட்டுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

சனிக்கிழமை மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பிக்கு ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைக்கலையாம். தானே பார்த்துக்கறேன்னான்."

"முதுகுவலிக்காரன் எப்படி..."

"அவன் கவலை உங்களுக்கு எதுக்கு? நீங்க படுங்க."

"இல்ல, நான் சும்மா போய் நின்னாலே அவனுக்குத் தெம்பா இருக்கும்."

"நின்னீங்கன்னா தூக்குவீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

"தூக்கினாத்தான் என்ன? நம்ம பையன்தானே? இப்படி ஒரு சமயத்துல உதவாம அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

தன் வாயால் இப்படி ஒரு வசனம் வரும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று புகையார் எடுத்துக்கொண்டார். சரி, அவர் எடுத்துக்கொண்டதை நாம் ஏன் கெடுக்கவேண்டும்?

"டெஸ்ட் இருக்கேங்க..."

"டெஸ்ட் கிடக்கட்டும். மனுஷன் முக்கியமா, எண்ணு முக்கியமா?"

"எனக்கென்னமோ மனசே இல்ல" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பார்த்துக்கோங்க, உங்க இஷ்டம்."

தன் இஷ்டம் நிறைவேறிய சந்தோஷத்தில் புகையார் பழைய சட்டையைத் தேட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் அவரைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டான். "உடம்பு முடியாம இருந்தும் எனக்காக வந்தீங்களே அத்தான்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தான். தலையணை.

"என்னப்பா இது? பீரோ எங்க?"

"அதெல்லாம் வேணாம் அத்தான். அக்கா லேசானதா குடுக்கச் சொன்னாங்க."

"உங்கக்கா சொல்வா. பீரோவைக் கொண்டா."

பீரோவைத் தானே கேட்டு வாங்கித் தூக்கிய ஒரே மனிதர் என்று சரித்திரத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு. பீரோ ஏறியது. ஃப்ரிட்ஜ் ஏறியது. இரும்பு வட்டுகளை அவர் ஒரே நடையில் கொண்டுபோயிருக்கலாம். எண் ஏறவேண்டுமே என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, உள்ளே ஏதாவது கனல்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கனன்றது. முழங்கால் கனன்றது, தோள்பட்டை கனன்றது, இத்தனை வருஷம் இருப்பதே தெரியாதிருந்த தசையெல்லாம் தன் பேரைச் சொல்லி அலறியது. சபாஷ் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வட்டுக்குக் கீழே இறங்கினார்.

புது வீட்டைப் பார்க்க மனைவியின் அக்காவும் வந்திருந்தாள். படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, இவர் ஏறுவதையும் இறங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏதோ உள்ளுக்குள்ள கோளாறுன்னு சொன்னாளே?"

"வெளியே தெரியாதுங்க" என்றார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து.

"தெரியத்தான் இல்ல" என்று ஒப்புக்கொண்டாள் அக்கா.

திங்கட்கிழமை காலையில் அவரால் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. மனைவிதான் மாட்டிவிட்டாள். நர்ஸம்மா பெட்டியோடு வந்தார். புகையார் வெற்றிப் பெருமிதத்தோடு சட்டைக் கையை மடிக்கக் கொடுத்தார்.

"சளி, இருமல், பல்லுவலி எதாவது?"

"இல்ல."

"நேத்து கனமான வேலை எதாச்சும் செஞ்சீங்களா?"

"சேச்சே."

"என்னங்க, நர்ஸம்மாகிட்ட போய்ப் பொய் சொல்லலாமா?" என்றாள் மனைவி, டீயை நீட்டிக்கொண்டே. "என் தம்பி வீட்டு சாமான் பூரா இவர்தாங்க தூக்கினார். பீரோ, ஃப்ரிட்ஜ், இரும்பு வட்டு. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கலை."

நர்ஸம்மா எடுத்த ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"இன்னிக்கு எடுத்துப் பிரயோஜனமில்லைங்க. எண்ணு ஏறித்தான் வரும். ஆனா அது உங்க வியாதி இல்ல, உங்க மச்சானோட பீரோ. ரெண்டு வாரம் போகட்டும், உடம்பு அடங்கினதும் பார்ப்போம்."

"அதுவரைக்கும் நான் படுத்தே இருக்கணுமா?" இதைக் கேட்கையில் புகையார் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

"படுத்தா? இந்தக் கோளாறுக்கு அதான் முதல் எதிரி. தினமும் நடங்க, உடம்பை அசைங்க, எதாவது வேலை செஞ்சு பழகுங்க. பழகின உடம்புக்கு இந்த எண்ணு தானா இறங்கும். டாக்டருங்க இதைத்தானே எல்லாக் கூட்டத்துலயும் சொல்றாங்க?"

கூரை முடிந்துபோன அந்த மத்தியானத்தை நினைத்துப் புகையார் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸம்மா டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

"ரெண்டு வாரம் கழிச்சுத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி, கோப்பைகளை எடுத்தபடி. "அதுக்கு முந்தின நாள் அக்கா வீடு மாத்தறா. நீங்க பாவம், வர வேணாம். டெஸ்ட் இருக்கே."

புகையாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எந்தத் தெருவில் எந்த இடத்தில் தன்னைத் திருப்பினாள் என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பளிச்சென்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அது குழந்தை முகம்போல் இருந்தது. கோபம் வந்தது, அவமானம் வந்தது, நடுவில் அவள் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் வந்து தொலைத்தது. ஆனால் இந்தத் தடவை விடுவதாக இல்லை. டெஸ்ட் இருந்தால்தானே எண் ஏறவேண்டும்? எண் ஏறவேண்டுமென்றால்தானே தூக்கவேண்டும்? டெஸ்ட்டையே ஒழித்துக்கட்டிவிட்டால்?

"எனக்கு டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று முழக்கமிட்டார். கல்யாணமான பிறகு அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கு எந்த அழற்சியும் கிடையாது!"

"நிஜமாவாங்க?"

"சத்தியமா! சும்மா சொன்னேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கு. போதுமா?"

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க" என்று அவள் போனை எடுத்தாள். "அக்கா, நீ ஆள் தேட வேணாம். இவருக்கு ஒண்ணுமே இல்லையாம், இப்பதான் சத்தியம் பண்ணார். உன் சாப்பாட்டு மேசையைக் கழட்டக்கூட வேணாம், அப்படியே தூக்கிடுவார்."